மந்திரத்துக்கு வெளியே நிற்கும் சொற்கள்

மாறாத ஒன்று, மாறிக்கொண்டே இருக்கும் இடத்திலும் காலத்திலும் பயன்பட வேண்டுமானால், மாற்றத்துக்கு உரிய பகுதியை எங்கே வைப்பது என்னும் கேள்வி, வேள்விச் சடங்கைப் பற்றிச் சிந்தித்தவர்களையும் கணினி நிரல் எழுதுவோரையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. வேதம் ஒருவராலும் இயற்றப்படாதது, அதன் ஓரெழுத்தும் மாறுதற்கு உரியதன்று என்று கொண்ட மீமாம்சகர்களுக்கு, அதே வேதத்தைக் கொண்டு இன்ன ஊரில், இன்ன நாளில், இன்னார் ஒரு வேள்வியைச் செய்து முடிப்பது எப்படி என்பது தீர்த்தாக வேண்டிய சிக்கலாக இருந்தது. அச்சிக்கலுக்கான விடையின் நடைமுறை வடிவத்தைக் காஞ்சிபுரம் போன்ற ஒரு கோயில் ஊரில் இன்றும் நாள்தோறும் சடங்கின் தொடக்கத்தில் கேட்கலாம். சங்கல்பம் என்பது அதன் பெயர். அதே விடையை, முற்றிலும் வேறான தேவையால் உந்தப்பட்டு, மென்பொருள் துறை அண்மைக் காலத்தில் தன் போக்கில் கண்டடைந்தது. இவ்விரண்டையும் அருகருகே வைப்பதால் வேத காலத்தில் கணினி இருந்ததென்று நிறுவிவிட முடியாது. அப்படி நிறுவ முயல்வோர் இந்நாட்டில் குறைவில்லை என்பதால் இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஒரே வகையான தேவை ஒரே வகையான பிரிவினையைத் தோற்றுவிக்கிறது என்பதும், அப்பிரிவினையின் பொருளை நிரலாளர்களைவிட மீமாம்சகர்கள் ஆழமாகத் துருவினார்கள் என்பதுமே இங்கு ஆராயப்படுபவை.

ஒருங்கிணைப்புச் செயலி என்பது, தனித்தனியே இயங்கும் மென்பொருள்களுக்கு நடுவில் நின்று, ஒன்றின் செய்தியை மற்றொன்றுக்கு விளங்கும் வடிவில் மாற்றி எடுத்துச் செல்லும் நிரலாகும். பட்டுக் கைத்தறிக் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை எடுத்துக்கொண்டால், விற்பனைக் கூடத்தில் ரசீது போடும் மென்பொருள், கிடங்கின் இருப்புக் கணக்கு, வங்கியின் பணப்பரிமாற்றச் சேவை, சரக்கு மற்றும் சேவை வரிக்கான அரசுத் தளம் ஆகியவை வெவ்வேறு நிறுவனத்தார் வெவ்வேறு காலத்தில் எழுதியவையாகவே இருக்கும். ஒரு சேலை விற்றவுடன் இருப்பில் ஒன்று குறையவும், வரிக்கணக்கில் ஒரு வரி ஏறவும், வங்கியிலிருந்து பணம் வந்து சேர்ந்ததற்கான உறுதி ரசீதில் பதியவும் வழித்தடம் வகுப்பது ஒருங்கிணைப்புச் செயலியின் வேலை. அப்பாச்சி கேமல், மியூல்சாஃப்ட் முதலியவை இத்தகைய செயலிகளை எழுத உதவும் தளங்கள். வழித்தடம் எங்கும் ஒன்றே. ஆனால் வங்கிச் சேவையின் முகவரி, அதனுள் நுழைவதற்கான கடவுச்சொல், விடைக்காகக் காத்திருக்க வேண்டிய நொடிகள், தவறினால் மறுபடி முயலும் தடவைகள் ஆகியவை நிரலாளரின் சொந்தக் கணினியில் ஒன்றாகவும், சோதனைத் தளத்தில் வேறாகவும், உண்மையான வணிகம் நடக்கும் புரொடக்‌ஷன் தளத்தில் மற்றொன்றாகவும் இருக்கும். இவற்றை நிரலுக்குள்ளேயே எழுதிவிட்டால், இடம் மாறுந்தோறும் நிரலைத் திருத்தி மீண்டும் கட்டவேண்டி வரும். சோதித்துப் பார்த்த நிரல் ஒன்று, இயங்கும் நிரல் வேறொன்று என்றாகிவிடும். ஆகவே மதிப்பு வரவேண்டிய இடத்தில் ஒரு பெயர் மட்டும் அடைப்புக்குறிக்குள் எழுதப்படுகிறது. அப்பெயருக்குரிய மதிப்பு, நிரல் இயங்கத் தொடங்கும் வேளையில் வெளியிலிருந்து வந்து சேர்கிறது. இவ்வாறு வெளியிலிருந்து தரப்படும் பெயரும் மதிப்புமான இணைகளே இயக்கநேர அமைவுப் பண்புகள். துறையினர் பேச்சில் இவை சுருக்கமாகக் கான்ஃபிக் எனப்படும்.

எது நிரல், எது அமைவு என்று பிரித்தறிவதற்கு, 2011இல் ஹெரோக்கு நிறுவனத்தைச் சேர்ந்த ஆடம் விக்கின்ஸ் வெளியிட்ட பன்னிரு கூற்று நெறி ஓர் எளிய சோதனையைத் தந்தது. நிரல் முழுவதையும் இந்த நொடியே ஊரறிய வெளியிட்டாலும் எந்தக் கடவுச்சொல்லும் அம்பலமாகாது என்ற நிலை இருந்தால், பிரிவினை சரியாகச் செய்யப்பட்டுள்ளது என்பது அச்சோதனை. அதாவது, எல்லாருக்கும் பொதுவாக இருக்கத் தக்கது நிரல். இந்த இடத்துக்கு மட்டும் உரியது அமைவு. காஞ்சிபுரத்துத் தறியில் ஜக்கார்டு பெட்டியின் துளையட்டைகளை மாற்றினால் அதே தறி வேறொரு கரையை நெய்யும் என்பதை அறிந்த நெசவாளருக்கு இந்தப் பிரிவினையில் வியப்பதற்கு ஒன்றுமில்லை.

சங்கல்பம் என்பது, சடங்கு தொடங்குமுன் அதைச் செய்பவர் தாம் எங்கே, எப்போது, யாராக, எதன்பொருட்டு, எதைச் செய்யப்போகிறார் என்று வாய்விட்டு அறிவிக்கும் உறுதிமொழியாகும். அதன் வாய்பாடு நிலையானது. நடுநடுவே விடப்பட்ட இடங்கள் அன்றன்று நிரப்பப்படுகின்றன. காலத்தைச் சொல்லும் பகுதி பிரம்மாவின் வாழ்நாளில் இரண்டாம் பாதி என்று தொடங்கி, சுவேதவராக கல்பம், வைவஸ்வத மன்வந்தரம், அதில் 28ஆம் கலியுகம், அதன் முதற்கால் என்று படிப்படியாகக் குறுகி, அறுபதாண்டுச் சுழற்சியில் நடப்பு ஆண்டின் பெயர், அயனம், பருவம், மாதம், வளர்பிறை அல்லது தேய்பிறை, திதி, கிழமை, நட்சத்திரம் என்று அன்றைய பொழுதில் வந்து நிற்கிறது. இடத்தைச் சொல்லும் பகுதியும் இவ்வாறே நாவலந்தீவில் தொடங்கி, பரத கண்டம், மேருவின் தென்புறம் என்று நெருங்கி வருகிறது. கலியுகத்தின் நீளம் 4,32,000 ஆண்டுகள் என்று கொள்ளப்படுவதால், முதற்கால் என்னும் மதிப்பு 1,08,000 ஆண்டுகளுக்கு மாறாது. நட்சத்திரமோ ஏறத்தாழ ஒவ்வொரு நாளும் மாறும். இலட்சம் ஆண்டு மாறாததையும் நாளைக்கே மாறிவிடுவதையும் ஒரே மூச்சில், ஒரே வரிசையில் சொல்வது வீண் விரிவு போலத் தோன்றலாம். எனினும் மாறும் வேகம் எதுவாயினும், வெளியிலிருந்து வரும் மதிப்பு என்ற வகையில் இவை அனைத்தும் ஒரே இனம் என்பதை அவ்வரிசை ஒப்புக்கொள்கிறது. நெடுங்காலமாக மாறவில்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு மதிப்பை நிரலுக்குள் புதைத்துவிட்டுப் பின்னர் அல்லலுறும் வழக்கத்தைக் கண்ட எவரும் இந்தக் கட்டுப்பாட்டைப் பாராட்டவே செய்வர்.

இங்கு ஒரு வேறுபாட்டை மறக்கலாகாது. கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கிய ஒருவரிடம் அர்ச்சகர் கேட்கும் பெயரும் நட்சத்திரமும் கோத்திரமும் அந்த ஒருவருடைய வேண்டுதலோடு வந்து அதனோடு போகும் உள்ளீடுகள். நாளும் ஊரும் அன்று அங்கு நிகழும் எல்லா அர்ச்சனைக்கும் பொதுவான சூழல். மென்பொருளில் முன்னதைச் செய்தித் தரவு என்றும் பின்னதையே அமைவு என்றும் பிரிப்பர். சங்கல்பம் இரண்டையும் ஒரே வாய்பாட்டுக்குள் ஏற்றுக்கொள்கிறது என்பதால் இவ்விரு முறைகளும் முழுதும் பொருந்துவதில்லை.

மதிப்புகள் வெளியிலிருந்து வருபவை என்றால், எங்கிருந்து வருகின்றன என்ற கேள்வி உடனே எழும். காலத்துக்குரியவை பஞ்சாங்கத்திலிருந்து வருகின்றன, பஞ்சாங்கமோ ஒன்றல்ல. பழைய வாய்பாடுகளைப் பின்பற்றும் வாக்கியப் பஞ்சாங்கமும், கோள்களின் நிலையைத் திருத்திக் கணிக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கமும் ஒரே நாளின் திதி முடியும் நேரத்தில் வேறுபடுவது உண்டு. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையிலான கோணம் 12 பாகை விரியும் காலம். சந்திரனின் வேகம் சீராக இல்லாததால் அது சுமார் 19 மணி முதல் 26 மணி வரை நீளும், பகலின் நடுவிலும் மாறும். மேலும், சூரியன் ஒரு ராசியிலிருந்து அடுத்த ராசிக்குச் செல்வதைக் கொண்டு மாதத்தை எண்ணுவது தமிழர் முறை. அமாவாசையைக் கொண்டு எண்ணுவது தெலுங்கர், கன்னடர் முறை. நெசவுத் தொழிலோடு பல மொழி மரபினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் காஞ்சிபுரத்தில், ஒரே தெருவில், ஒரே காலையில், ஒரு வீட்டின் சங்கல்பத்தில் ஒரு மாதமும் அடுத்த வீட்டின் சங்கல்பத்தில் வேறொரு மாதமும் சொல்லப்படுவதற்கு இடமுண்டு. இருவரில் ஒருவர் பிழை செய்தார் என்று எந்தச் சாத்திரமும் சொல்வதில்லை. அவரவர் குலவழக்கு எந்தக் கணக்கை மூலமாக ஏற்றதோ அதனை இடையில் மாற்றாதிருத்தலே வேண்டப்படுகிறது.

இடமும் வெறும் முகவரியாக நின்றுவிடுவதில்லை. காஞ்சிக்குச் சத்தியவிரத க்ஷேத்திரம் என்பது புராணப் பெயர். பிரம்மா இங்கு அசுவமேதம் செய்ததாகவும், இம்மண்ணில் செய்யும் ஒரு வேள்வி பிற இடங்களில் செய்யும் பல வேள்விகளுக்கு நிகர் என்பதாலேயே அவர் இவ்விடத்தைத் தேர்ந்ததாகவும், வேள்வித் தீயிலிருந்து வரதராசப் பெருமாள் தோன்றியதாகவும் அவர் கோயில்கொண்ட அத்திகிரியின் தலவரலாறு கூறும். காஞ்சியின் தூப்புலில் 1268இல் பிறந்தவராகக் கொள்ளப்படும் வேதாந்த தேசிகர் மெய்விரத மான்மியம் என்னும் தமிழ் நூலில் இவ்வரலாற்றைப் பாடினார். வேள்வியின் மந்திரமும் செய்முறையும் மாறவில்லை. இடத்துக்குரிய மதிப்பு மட்டும் மாறியது, பயன் பன்மடங்கானது. அதே தலவரலாற்றில் மற்றொரு செய்தியும் உண்டு. மனைவியாகிய சரசுவதி உடனில்லாமலே பிரம்மா வேள்வியைத் தொடங்கினார் என்பதும், சினந்த சரசுவதி வேகவதி ஆறாகப் பெருகி வேள்விச்சாலையை அழிக்க வந்தாள் என்பதும், திருமால் குறுக்கே கிடந்து தடுத்தார் என்பதும் திருவெஃகாவின் கதை. வேள்வி செய்பவர் யார், உடன் இருக்கவேண்டியவர் யார் என்னும் இடம் நிரப்பப்படாமல் தொடங்கிய ஒரு சடங்கின் விளைவாகவே இவ்வூரின் கோயில்கள் சில தோன்றியதாகப் புராணம் எண்ணிப் பார்த்திருப்பது கவனிக்கத்தக்கது.

இனி இவற்றின் தத்துவ நிலை. காஞ்சி பழங்காலத்திலேயே வேதக் கல்விக்குப் பெயர்பெற்ற ஊர். கடம்ப அரசை நிறுவிய மயூரசர்மன் அரசனாவதற்கு முன் இங்குள்ள கடிகையில், அதாவது உயர்கல்விச் சாலையில், பயில வந்ததைத் தாளகுந்தாக் கல்வெட்டு சொல்கிறது. அக்கல்வி மரபின் ஒரு தூணாக விளங்கியது மீமாம்சை. வேதவாக்கியங்களுக்குப் பொருள் கொள்ளும் முறையை ஆராயும் அந்தச் சாத்திரத்தின் முதல்நூல், பன்னிரண்டு அத்தியாயங்கள் கொண்ட சைமினியின் சூத்திரம். அதன் இரண்டாம் அத்தியாயம் முதற்பாதத்தில், சடங்கின்போது மந்திரத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் மூன்று வகைச் சொற்கள் மந்திரமாகுமா என்ற வினா எழுப்பப்படுகிறது. ஊகம் என்பது, சூழலுக்கேற்ப மாற்றி வைக்கப்படும் சொல். பிரவரம் என்பது, வேள்வி செய்பவரின் முன்னோரான முனிவர்களின் பெயர்வரிசை. நாமதேயம் என்பது அவருடைய சொந்தப் பெயர். மந்திரத்தின் நடுவே, மந்திரத்தின் ஒலியோடு, மந்திரத்தின் வேலையையே செய்துகொண்டு நிற்பதால் இவையும் மந்திரமே என்பது எதிர்வாதம். சைமினி அதை மறுக்கிறார். ஓதி வரும் பாடத்தில் இல்லாதவை மந்திரமல்ல. எது மந்திரம், எது அன்று என்ற பிரிவே பாடத்தில் உள்ளவற்றைப் பற்றியதுதான் என்பது அவர் முடிபு. மாணவர் எவரும் எங்கும் ஒரே வகையாக ஓதுவது எதுவோ அதுவே மந்திரம். இந்த ஒருவர் இந்த ஒருமுறை மட்டும் சொல்வது அதற்கு வெளியே நிற்கிறது. விக்கின்ஸின் சோதனையும் சைமினியின் சோதனையும் ஏறத்தாழ ஒரே கோட்டைக் கிழிக்கின்றன. ஆனால் முன்னவரின் கவலை கடவுச்சொல் கசிவதைப் பற்றியது. பின்னவரின் கவலை, மனிதர் சேர்த்த ஒன்றை மனிதர் இயற்றாத ஒன்றோடு கலந்து எண்ணிவிடக் கூடாது என்பது.

வெளியே நிற்பதால் அச்சொற்கள் கட்டற்றவை ஆகிவிடுவதில்லை. அவற்றுக்கான இலக்கணத்தைச் சைமினி நூலின் பிற்பாதியில் பெரும்பகுதி எடுத்துப் பேசுகிறது. எல்லா உறுப்புகளும் முழுமையாக விதிக்கப்பட்ட வேள்வி பிரகிருதி, அதாவது மூலம். சில உறுப்புகள் மட்டும் சொல்லப்பட்டு மற்றவற்றை மூலத்திலிருந்து பெற்றுக்கொள்ளும் வேள்வி விகிருதி, அதாவது வழிநிலை. மூலத்தைப் போலவே வழிநிலையையும் செய்க என்னும் பொது விதியால் உறுப்புகள் கடத்தப்படுவது அதிதேசம். அது ஏழாம், எட்டாம் அத்தியாயங்களின் பொருள். கடத்தப்பட்ட மந்திரம் புதிய சூழலுக்குப் பொருந்தாதபோது அதன் சொல்லை மாற்றுவது ஊகம். அது ஒன்பதாம் அத்தியாயம். மூலவேள்வியில் அக்கினிக்கு என்று சொல்லி நெல் எடுக்கப்படுகிறது. சூரியனுக்குச் சரு என்னும் சோற்றுப்படையல் செய்யும் வழிநிலை வேள்வியில் அதே மந்திரம் சூரியனுக்கு என்று மாற்றிச் சொல்லப்படுகிறது. கடத்தப்பட்ட உறுப்புக்கு அங்கு வேலையே இல்லையென்றால் அது விலக்கப்படும். இவ்வாறு விலக்குதல் பாதம் எனப்படும், அது பத்தாம் அத்தியாயத்தின் பொருள். கிருஷ்ணலம் என்னும் பொன்மணிகளைச் சருவாகச் சமைக்கும்போது அவற்றை உரலில் குத்தத் தேவையில்லை, ஏனெனில் பொன்னுக்கு உமி இல்லை.

ஒருங்கிணைப்புச் செயலியில் இயல்பு மதிப்புகளை ஒரு பொதுக் கோப்பில் எழுதி, ஒவ்வொரு தளத்துக்கும் வேறுபடுவதை மட்டும் தனியே எழுதி, சிலவற்றை முடக்கிவிடும் முறையை அறிந்தவருக்கு இம்மூன்றும் அயலானவை அல்ல. ஆனால் மீமாம்சகர்கள் வகுத்த ஒரு நுணுக்கத்துக்கு மென்பொருளில் நிகர் காண்பது அரிது. நெல் கிடைக்காதபோது நீவாரம் என்னும் காட்டரிசியை மாற்றாகக் கொள்ளலாம். ஆயினும் அப்போது மந்திரத்தில் நெல் என்ற சொல்லை மாற்றலாகாது. வழிநிலை வேள்வியில் நீவாரமே விதிக்கப்பட்டிருந்தால் மட்டும் சொல் மாறும். கையில் இருப்பது இரு வகையிலும் நீவாரமே. முன்னதில் அது நெல்லின் இடத்தில் நெல்லாக எண்ணிக் கொள்ளப்படுகிறது. பின்னதில் தன் உரிமையில் நிற்கிறது. மூலத்தில் ஊகம் இல்லை என்பது இதன் அடியில் உள்ள கொள்கை. பற்றாக்குறையால் நேர்ந்த மாற்றமும் விதியால் வந்த மாற்றமும் ஒன்றல்ல என்னும் இந்த வேறுபாடு பதிவாகாததால்தான், ஒரு நெருக்கடியின்போது தற்காலிகமாக மாற்றிய மதிப்பு நிலையான மதிப்பாகிப் போய், ஆண்டுகள் கழித்து அது ஏன் அப்படி இருக்கிறது என்பதை எவராலும் சொல்ல முடியாத நிலை அலுவலகங்களில் உண்டாகிறது.

ஒரே பெயருக்கு இரண்டு இடங்களிலிருந்து இருவேறு மதிப்புகள் வந்தால் எது வெல்லும் என்பதும் இரு தரப்பும் எதிர்கொண்ட வினா. ஸ்பிரிங் பூட் என்னும் தளத்தின் கையேடு பத்துக்கு மேற்பட்ட மூலங்களை வலிமை வரிசையில் அடுக்குகிறது. கோப்பில் உள்ளதைச் சூழல் மாறி வெல்லும், அதைக் கட்டளை வரியில் தந்த மதிப்பு வெல்லும். மனப்பாடம் செய்யவேண்டிய பட்டியல் அது. சைமினியின் மூன்றாம் அத்தியாயத்திலும் ஒரு வலிமை வரிசை உண்டு: நேர்ச்சொல், சொல்லின் ஆற்றல், தொடரமைப்பு, சூழல், இடவரிசை, பெயர் ஆகிய ஆறு சான்றுகள் முரண்படும்போது பின்னது மெலியது. அவரோ காரணத்தையும் உடன் சொல்கிறார்: பின்னது பொருளைச் சென்றடைய அதிகத் தொலைவு நடக்கவேண்டியிருக்கிறது. பெயரைக் கொண்டு இடத்தை ஊகித்து, இடத்தைக் கொண்டு சூழலை ஊகித்து, இறுதியில் நேர்ச்சொல் ஒன்றை உய்த்துணர்வதற்குள், நேர்ச்சொல்லே எதிரில் இருந்தால் அது முந்திவிடுகிறது.

சொல்லை மாற்றுவது யாருக்கும் எளிதான வேலையாகவும் கருதப்படவில்லை. வேதத்தில் மந்திரங்கள் எல்லாப் பாலிலும் எல்லா வேற்றுமையிலும் ஓதப்படவில்லை என்பதால், வேள்வி செய்விப்பவர் அவற்றை ஏற்றபடி மாற்றிக்கொள்ளவேண்டும். இலக்கணம் அறியாதவரால் அது ஆகாது என்று பதஞ்சலி தம் மகாபாஷ்யத்தின் தொடக்கத்தில், இலக்கணம் கற்பதன் பயன்களுள் ஒன்றாக ஊகத்தை வைத்தார். அதே இடத்தில் அவர் நினைவூட்டும் துவஷ்டாவின் கதையில், இந்திரனைக் கொல்பவன் என்று பொருள்படும்படி சொல்லக் கருதிய சொல், ஒலியழுத்தம் இடம் மாறியதால் இந்திரனால் கொல்லப்படுபவன் என்று பொருள்பட்டு, வேள்வி செய்தவருக்கே எதிராகத் திரும்பியது. செய்முறையில் குறையில்லை, நோக்கத்தைச் சொல்லும் இடத்தில் வைத்த சொல் தன் வடிவத்தில் பிழைத்தது. மென்பொருளிலும் இதனை ஒத்தது நேர்ந்ததுண்டு. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் என்னும் கணினிப் பாதுகாப்பு நிறுவனம் அனுப்பிய ஒரு புதுப்பிப்பால், மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டபடி சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் செயலிழந்து, பல நாடுகளில் விமானங்களும் மருத்துவமனைகளும் தடுமாறின. அன்று அனுப்பப்பட்டது புதிய நிரலன்று, அமைவுத் தரவுக் கோப்பு. அதன் வார்ப்பு 21 உள்ளீடுகளை எதிர்பார்த்திருக்க, அதனை அழைத்த நிரல் 20 மட்டுமே தந்தது. அமைவுதானே என்று நிரலைச் சோதிக்கும் அளவுக்கு அமைவைச் சோதிக்காத மனப்போக்கு, மந்திரமல்லாத சொல்லுக்கும் இலக்கணம் வேண்டும் என்று வற்புறுத்திய பதஞ்சலிக்கு ஏற்புடையதாக இருந்திருக்காது.

எந்த நொடியில் மதிப்பு நிலைபெறுகிறது என்பது அடுத்த வினா. செயலி தொடங்கும்போது படித்துக்கொண்ட மதிப்பே அது நிற்கும் வரை நீடிக்கும். இடையில் கோப்பைத் திருத்தினாலும், மறுபடி படிக்கும் ஏற்பாடு இல்லையேல், இயங்கிக்கொண்டிருக்கும் செயலி அதனை அறியாது. தருமசாத்திரம் இதே எல்லையைத் தீட்டு பற்றிய விதியில் வரைகிறது. தொடங்கிவிட்ட நோன்புக்கும் வேள்விக்கும் திருமணத்துக்கும் இடையில் வந்த தீட்டு தடையாகாது. எது தொடக்கம் என்றால், நோன்புக்குச் சங்கல்பம், வேள்விக்கு அதனைச் செய்விப்போரை வரித்தல், திருமணத்துக்கு நாந்தி என்னும் முன்சடங்கு. சங்கல்பத்துக்கு முன் செய்பவர் உலகத்தின் மாற்றங்களுக்கு உட்பட்டவர். அதன்பின், அச்செயலைப் பொறுத்தவரை, அறிவித்த நிலையிலேயே நிறுத்தப்பட்டவர்.

மதிப்புகள் அனைத்திலும் சிக்கலானது நோக்கம். அக்கினிகோத்திரத்தைத் தயிரால் செய்க என்று ஒரு விதியும், புலன்களின் வலிமையை விரும்புபவர் தயிரால் செய்க என்று மற்றொரு விதியும் வேதத்தில் உள்ளன. தயிர் ஒன்று, செயல் ஒன்று. இணைப்பு இரண்டு, ஆகவே ஒன்றே இரு பயனுக்கும் உரியதாகலாம் என்பது மீமாம்சகர் முடிபு. அப்படியானால் நோக்கத்தை மாற்றினால் செயலே மாறிவிடுகிறதா, அல்லது செயல் அப்படியே இருக்க அதன் பயன் மட்டும் திசைமாறுகிறதா? வேதாந்த தேசிகர், கடவுளுக்கு இடம் வைக்காமல் சடங்கின் ஆற்றலே பயன் தரும் என்ற மீமாம்சையை, இறைவனே பயன் தருபவன் என்ற கொள்கையோடு இணைக்கச் சேசுவர மீமாம்சை என்னும் நூலை எழுதினார். அவர் வழிவந்த வைணவ மரபின் சங்கல்பத்தில், இச்செயல் இறைவனின் ஆணையால், அவனுக்குச் செய்யும் தொண்டாகச் செய்யப்படுகிறது என்று நோக்கம் கூறப்படுகிறது. அதோடு சாத்துவிகத் தியாகம் என்னும் ஒரு துறவுரையும் சேர்கிறது. இறைவனே தன் உவப்புக்காகத் தன் செயலைத் தானே செய்துகொள்கிறான் என்று, செய்பவர் என்னும் இடத்தையும் பயனுக்குரியவர் என்னும் இடத்தையும் அது இறைவனின் பெயரால் நிரப்பிவிடுகிறது. அத்வைத வழி நிற்கும் ஸ்மார்த்தரின் சங்கல்பம் பாவங்கள் நீங்கிப் பரமேசுவரன் மகிழ்வதை நோக்கமாக அறிவிக்கும். ஒரே குளக்கரையில், ஒரே அந்தியில், ஒரே காயத்திரியை இருவரும் சொல்லும்போது, மந்திரம் அளவில் வேற்றுமை ஏதும் இல்லை. வேற்றுமை முழுவதும் மந்திரத்துக்கு வெளியே உள்ள சொற்களில் இருக்கிறது. இரண்டு தத்துவங்களின் வேற்றுமையும் அதுவே. ஆகையால் அமைவு என்பது உள்ளீடற்ற புறத்தோற்றம் என்று ஒதுக்கிவிட இடமில்லை.

அத்வைதம் இந்த இடத்தில் வேறொரு கேள்வியைக் கேட்கிறது. செயல் என்பது மனிதரைச் சார்ந்தது; அதைச் செய்யலாம், செய்யாதிருக்கலாம், வேறு வகையாகவும் செய்யலாம் என்றும், அறிவோ அறியப்படும் பொருளைச் சார்ந்தது; இருட்டில் நிற்கும் ஒன்றைத் தூண் என்றோ மனிதன் என்றோ விருப்பப்படி கொள்ள முடியாது, தூணாக இருந்தால் தூண் என்று அறிவதே அறிவு என்றும் சங்கரர் பிரம்மசூத்திர உரையின் தொடக்கத்தில் பிரிக்கிறார். மதிப்புகளை வெளியிலிருந்து தந்து அமைக்கத் தக்கவை எல்லாம் முதல் வகையைச் சேர்ந்தவை. சங்கல்பங்கள் அனைத்தையும் துறந்தவரையே யோகத்தில் ஏறியவர் என்று கீதையின் ஆறாம் அத்தியாயம் குறிப்பது, இந்த நோக்கில், மதிப்புகளை மாற்றிக்கொள்வதைச் சொல்லவில்லை; நிரப்பவேண்டிய இடங்களே இல்லாத நிலையைச் சொல்கிறது. அந்நிலையை எய்தியவருக்கு எந்தச் சடங்கும் விதிக்கப்படவில்லை என்று சங்கரர் முரணின்றி முடிப்பது சரியே. ஆனால் எய்தாத பெரும்பான்மையோருக்கு ஊரும் நாளும் பெயரும் நோக்கமும் இருக்கத்தான் செய்கின்றன. அவர்களைப் பொறுத்தவரை தேசிகரின் வழியே அதிகம் பேசுகிறது என்று கொள்ளலாம், ஏனெனில் இடங்களை ஒழிக்காமலேயே அவற்றில் எதை வைப்பது என்ற கேள்விக்கு அது விடை தருகிறது.

எஞ்சியிருப்பது, மதிப்பை வைக்கும் உரிமை யாருடையது என்பது. மென்பொருள் நிறுவனங்களில் நிரலைத் திருத்தும் அனுமதி ஒருவருக்கும், புரொடக்‌ஷன் அமைவைத் திருத்தும் அனுமதி வேறொருவருக்குமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். காஞ்சி வரதராசப் பெருமாள் கோயிலில் வைணவரின் இரு பிரிவினரான வடகலையாருக்கும் தென்கலையாருக்கும் இடையே நிகழும் நெடுங்கால வழக்கு இந்த உரிமையைப் பற்றியதே. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தத்தின் பாடத்தில் இரு பிரிவினருக்கும் பிணக்கு இல்லை. ஓதுவதற்கு முன் வேதாந்த தேசிகரைப் போற்றும் ராமானுஜ தயாபாத்ரம் என்னும் தனியனைச் சொல்வதா, மணவாள மாமுனிகளைப் போற்றும் ஸ்ரீசைலேச தயாபாத்ரம் என்னும் தனியனைச் சொல்வதா என்பதும், முடிவில் எந்த ஆசாரியரின் வாழித்திருநாமத்தைச் சொல்வது என்பதுமே பிணக்கு. அதாவது நாலாயிரம் பாசுரங்களும் எந்த ஆசாரியப் பரம்பரையின் பெயரால் ஓதப்படுகின்றன என்று அறிவிக்கும் ஓரிடத்துக்கான போட்டி அது. 19ஆம் நூற்றாண்டிலேயே நீதிமன்றம் ஏறிய இவ்வழக்குகளில், இரு ஆசாரியருள் உயர்ந்தவர் யார் என்ற வினாவை நீதிமன்றம் தீர்க்கப் புகவில்லை. கோயிலில் பிரபந்தம் ஓதும் பணிக்குரிய அத்யாபக மிராசு என்னும் பரம்பரை உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையே அது ஆராய்ந்தது, தனியனைத் தேர்வது அந்த உரிமையோடு சேர்ந்தே போகும் என்பதால்.